"பாத்ரி ஃபின் மோர்" என்று சொல்வதற்கு முன்: வெயிலில் சூடாகும் ஹைப்ரிட் பேட்டரி

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கராஜ் வாசலில், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பிக்கும். ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து இறங்கியதும் சொல்வது ஒரே வாசகம்: "பாத்ரி ஃபின் மோர்." பேட்டரி செத்துப்போச்சாம். மொரீஷியஸில் பதினொரு கோடையாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திறந்து பார்த்தால் பல வண்டிகளில் பேட்டரிக்கு உயிர் நன்றாகவே இருக்கும், மூச்சு விடத்தான் வழி இருக்காது.

கீழே இருப்பது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து இங்கே வரும் டொயோட்டா ஆக்வா, ஆக்ஸியோ, ப்ரியஸ் வண்டிகளுக்கு. ஹோண்டா ஃபிட், வெசல் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். உங்கள் வண்டி என்ன அறிகுறி காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எல்லோருக்கும்: முதலில் அந்தத் துவாரத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வண்டிகளில் பேட்டரியைக் குளிர வைப்பது காருக்குள் நீங்கள் சுவாசிக்கும் அதே காற்றுதான். பின் சீட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும். அதன் வழியாக ஒரு சின்ன ஃபேன் காற்றை இழுத்துப் பேட்டரிக்குள் விடுகிறது. பழைய ப்ரியஸில் அந்தச் சல்லடை பின் சீட்டில் சாய்ந்து உட்காருபவரின் தோளுக்குப் பக்கத்தில், ஓரமாக இருக்கும். ஆக்வாவில் பேட்டரியே பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, சல்லடையும் கீழே, கால் வைக்கும் பக்கமாக இருக்கும். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகியும் அதைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் உண்டு. சிலர் அதை ஸ்பீக்கர் என்று நினைத்திருக்கிறார்கள்.

காருக்குள் காற்று சூடாக இருந்தால் பேட்டரிக்கும் சூடான காற்றுதான் கிடைக்கும். ஆகவே கோடையில் ஏசி போடுவது உங்கள் சொகுசுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலையும் மூடிக்கொண்டு ஓட்டுபவர் மிச்சம் பிடிப்பது கொஞ்சம், இழப்பது நிறைய.

## அறிகுறி: பின்னால் "ஹூ"வென்று இரைச்சல்

தலைமுடி காய வைக்கும் டிரையரைப் பின் சீட்டில் யாரோ போட்டுவிட்டதுபோல் ஒரு சத்தம். இது பேட்டரி ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவது. சத்தம் கேட்பதே நல்ல செய்தி, ஃபேன் உயிரோடு இருக்கிறது.

வண்டி எங்கே நின்றிருந்தது என்று முதலில் யோசியுங்கள். ஜனவரியில் போர்ட் லூயிஸில் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்ற வண்டியை மாலை நாலு மணிக்கு எடுத்தால் ஃபேன் இரையத்தான் செய்யும். நாலு கதவையும் ஒரு நிமிஷம் திறந்து வையுங்கள். அப்புறம் ஏசியை முழு அளவில் வைத்து ஐந்து, பத்து நிமிஷம் ஓட்டுங்கள். சத்தம் தணிந்துவிட்டதா? சரி, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

தணியவில்லை என்றால் துவாரத்தை எது மறைக்கிறது என்று பாருங்கள். இங்கே அடிக்கடி அகப்படும் குற்றவாளி சீட் கவர். வண்டி வாங்கியதும் பளபளப்பான லெதர் மாதிரி கவர் தைத்துப் போடுவது நம்மவர்களுக்கு ஒரு சடங்கு. தைப்பவருக்கு அந்தச் சல்லடை எதற்கென்று தெரியாது, அதன் மேலேயே இழுத்து மாட்டிவிடுவார். அடுத்தது குழந்தை சீட், கடற்கரைத் துண்டு, பள்ளிக்கூடப் பை. இவற்றை நகர்த்தச் செலவு ஏதும் இல்லை.

மறைப்பும் இல்லை, சத்தமும் குறையவில்லை என்றால் ஃபேனுக்குள் அழுக்கு. சோதிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். ஃபேன் இரையும்போதே பேப்பரைச் சல்லடையில் வைத்துப் பாருங்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டால் காற்று போகிறது. இரைச்சல் மட்டும் கேட்டு, பேப்பர் வழுக்கி விழுந்தால் ஃபேன் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் ஒரு ஆக்வா வந்தது. பள்ளிக்கூட டீச்சர் அக்கா ஒருவர். இன்னொரு கராஜில் பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, வீட்டில் நாய் இருக்கா?"

"இல்லையே தம்பி, எனக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது."

அப்படியென்றால் அழுக்கு அவ்வளவாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே ஃபேனைக் கழற்றினேன். உருளை மாதிரி இருக்கும் அந்தச் சக்கரத்தில் விரல் அகலத்துக்கும் குறைவான இதழ்கள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வோர் இதழுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசு படிந்திருந்தது. அதை ஊசியால் நெம்பி எடுத்தால் உள்ளே காய்ந்த சாமந்தி இதழ்கள், மயில் இறகின் இழைகள், கொஞ்சம் கற்பூரத் தூள். மூன்று வருஷமாக வீட்டிலிருந்து கோர் த கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி போனது அந்த ஆக்வாவின் பின் சீட்டில்தானாம். "முருகன் உள்ளேயே குடி வந்துட்டார் போல" என்றேன். அக்கா சிரித்தார். சக்கரத்தைச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்த வண்டி இன்றும் அதே பேட்டரியில் ஓடுகிறது.

நாய் முடி, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை மணல், கரும்பு அறுவடைக்கு முன் தோட்டத்தைக் கொளுத்தும்போது பறந்து வரும் கரி. இவையெல்லாம் போய்ச் சேருவதும் அங்கேதான். வருஷத்துக்கு ஒரு முறை, கோடைக்கு முன்னால் பார்த்துவிடுவது என் வழக்கம். டாக்சி ஓட்டுபவர்கள் இரண்டு முறை பார்க்கலாம்.

நீங்களே செய்யக்கூடியது இவ்வளவு. சல்லடையை மெதுவாக நெம்பிக் கழற்றி, வாக்குவம் கிளீனரால் அதையும் குழாயின் வாயையும் உறிஞ்சுங்கள். சில மாடல்களில் சல்லடைக்குப் பின்னால் மெல்லிய வலை ஃபில்ட்டர் இருக்கும், அதைத் தட்டிச் சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கம்ப்ரஸர் காற்றை மட்டும் உள்ளே அடிக்கவே அடிக்காதீர்கள். அழுக்கு வெளியே வராது, பேட்டரியின் இடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பேட்டரியையே பிரிக்க வேண்டிவரும்.

ஃபேனைக் கழற்றுவது எங்களைப் போன்றவர்களின் வேலை. ஃபேன் என்னவோ 12 வோல்ட்டில் ஓடுவதுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் பெரும்பாலான ப்ரியஸில் 201.6 வோல்ட், முதல் தலைமுறை ஆக்வாவில் 144 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சு நிற வயர் எதுவாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. வண்டியில் தனியாக இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, ரப்பர் கையுறை போட்டு, ஹைப்ரிட் பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, குறைந்தது பத்து நிமிஷம் காத்திருந்த பிறகுதான் நாங்களே உள்ளே கை விடுவோம். அந்தக் கையுறையையும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யாமல் நேராக ஸ்பானரை எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

காற்றுச் சத்தம் இல்லாமல் "கறகற"வென்று உரசும் சத்தம் வந்தால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுத்தம் செய்தாலும் சரியாகாது, ஃபேனை மாற்றுவதுதான் வழி. பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

## அறிகுறி: மதியத்தில் மட்டும் எஞ்சின் ஓயாமல் ஓடுகிறது

காலையில் மேட்டு ஊரான கியூர்பிப்பிலிருந்து கிளம்பும்போது வண்டி அமைதியாக, எஞ்சினை அணைத்து அணைத்துப் போகிறது. மதியம் போர்ட் லூயிஸ் டிராஃபிக்கில் அதே வண்டி சிக்னலில் நின்றால்கூட எஞ்சின் அணைவதில்லை. பெட்ரோல் செலவும் கூடுகிறது. பேட்டரி சூடாகும்போது அதற்குள் போகும், அதிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். குறைந்ததை எஞ்சின் ஈடுகட்டும். அதனால்தான் இந்த மாற்றம்.

டிராஃபிக்கில் நிற்கும்போது கியரை நியூட்ரலில் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? மேனுவல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர் செய்வது. இந்த வண்டிகளில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கியதும் எஞ்சின் விழுந்தடித்துக்கொண்டு ஏற்றப் பார்க்கும், பேட்டரி இன்னும் சூடாகும். டிரைவிலேயே வைத்துப் பிரேக்கை மிதியுங்கள், இல்லையென்றால் பார்க்கில் போடுங்கள்.

பழக்கம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் சூட்டை அளக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் அடாப்டர் ஒன்றும், டாக்டர் ப்ரியஸ் மாதிரி ஒரு ஆப்பும் இருந்தால் பேட்டரியின் வெப்பநிலை ஃபோனிலேயே தெரியும். ப்ரியஸில் மூன்று சென்சார்கள், தவிர உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று. ஃபேனின் வேகம் 0 முதல் 6 வரை காட்டும். இது என் அனுபவக் கணக்கு, கையேட்டில் தேடாதீர்கள்: 40 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 45ஐத் தாண்டினால் ஏசியைக் கூட்டி, ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கலாம். 50ஐத் தொட்டால் நிழலில் நிறுத்தி, வண்டியை அணைக்காமல், ஏசி ஓட ஆற விடுங்கள்.

உள்ளே வரும் காற்றே 35க்கு மேல் இருந்தால் தவறு காரின் ஏசியில். ஏசி கேஸ் குறைந்திருக்கலாம், ஏசி மெக்கானிக்கிடம் போங்கள். காற்று 25 டிகிரியில் வருகிறது, பேட்டரி 48, ஃபேன் 6இல் சுற்றுகிறது என்றால் காற்று உள்ளே போகவில்லை, மேலே சொன்ன அழுக்குதான். மூன்று சென்சாரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நிறைய எகிறி நின்றால், அது பேட்டரிக்குள் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது நீங்கள் பார்த்தது போதும், ஹைப்ரிட் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஹோண்டா ஃபிட், வெசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2013இல் அறிமுகமான அந்தத் தலைமுறை ஹைப்ரிட்களில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நின்று நின்று ஊர்ந்து போகும் மேட்டில் சூடாவது பெரும்பாலும் அந்த கிளட்ச்தான். திரையில் வரும் எச்சரிக்கையை நன்றாகப் பாருங்கள். கியர்பாக்ஸ் சூடு என்றால் பேட்டரி ஃபேனைக் குடைந்து பயனில்லை. மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள், பிரேக்கால் நிறுத்துங்கள்.

## அறிகுறி: இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று கத்துகிறது

கியூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில். இந்த வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். அந்த இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்ச சக்தியைச் செலவழிக்க எஞ்சினைச் சும்மா சுற்ற வைக்கும், கத்துவது அதுதான். பழுது இல்லை. கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்கிறது. நீண்ட இறக்கத்தில் முன்கூட்டியே கியரை "B" எழுத்துக்கு (பார்க்கிங் "P" இல்லை) தள்ளிவிட்டால் பேட்டரிக்குள் திணிக்கும் மின்சாரம் குறையும், சூடும் குறையும். சமதளத்தில் அந்த "B"யில் ஓட்டாதீர்கள், பெட்ரோல்தான் வீணாகும்.

## அறிகுறி: சார்ஜ் கோடுகள் ஏறி இறங்கிக் குதிக்கின்றன

திரையில் பேட்டரி சார்ஜைக் காட்டும் எட்டுக் கோட்டில் ஏழு இருக்கிறது. ஒரு சின்ன மேடு ஏறினால் இரண்டு. சமதளம் வந்ததும் மறுபடி ஆறு. இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய அறிகுறிதான்.

முதல் வேலை, ஒரு குளிர்ந்த காலையில் இதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். காலையில் குதிக்காமல் மதியம் மட்டும் குதித்தால் சூடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேனைச் சுத்தம் செய்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு முடிவு செய்யலாம். காலையிலும் குதித்தால் பேட்டரியின் செல்கள் வயதாகிவிட்டன.

ஆப்பிலேயே பிளாக் வோல்ட்டேஜ் பார்க்கலாம். செல்கள் சேர்ந்த சின்னப் பெட்டிதான் மாட்யூல். பழைய ப்ரியஸில் 28 மாட்யூல், இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக். மேட்டில் ஏறும்போது எல்லாம் சேர்ந்து இறங்கினால் பரவாயில்லை. ஒரே ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதற்குள் ஒரு மாட்யூல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் வரும். "ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும், மலிவு" என்பார்கள். நானும் முதல் இரண்டு கோடையில் அப்படித்தான் செய்தேன். ஒரே ஆக்ஸியோவை ஒன்பது மாதத்தில் மூன்று முறை பிரித்து மாட்டிய பிறகு விட்டுவிட்டேன். ஒன்று போனால், அதே சூட்டில் வெந்த அதன் பக்கத்து மாட்யூல்களும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். வண்டியை இரண்டு மாதத்தில் விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் அது பலன் தரும், வாங்குகிறவருக்கு இல்லை. முழுப் பேட்டரி மாற்றினாலும் ஃபேனையும் குழாயையும் சுத்தம் செய்யாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும். பில்லில் அந்த வேலை எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

## அறிகுறி: திரையில் ஜப்பானிய எழுத்தில் ஏதோ செய்தி

ரீகண்டிஷன் வண்டிகளில் எச்சரிக்கையும் ஜப்பானிய மொழியில்தான் வரும். அணைத்துவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஃபோனில் ஒரு படம் எடுங்கள். மொழிபெயர்க்கும் ஆப்பில் காட்டினால் ஓரளவு புரியும். புதிய மாடல்களில் பேட்டரியைக் குளிர வைக்கும் பாகங்களுக்குப் பராமரிப்பு தேவை என்று ஒரு செய்தி உண்டு. ஃபில்ட்டரும் ஃபேனும் அடைத்திருக்கின்றன என்று வண்டியே வாய்விட்டுச் சொல்வது அது. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போய்விடும். படத்தை மெக்கானிக்குக் காட்டினால் அரை மணி நேரம் மிச்சம்.

## அறிகுறி: சிவப்பு முக்கோணம் எரிகிறது

ஓரமாக நிறுத்துங்கள். வண்டி நகர்கிறது என்றால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேன் போட்டுப் பிழை எண்ணை வாங்குங்கள். மறக்காமல் எழுதி வாங்குங்கள். "பேட்டரி போச்சு" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

பி0ஏ82 (ஸ்கேனில் P0A82 என்று தெரியும், மற்றவையும் இப்படியே) என்றால் பேட்டரி ஃபேனில் கோளாறு. இது தனியாக வந்தால் மகிழ்ச்சி அடையலாம், ஃபேனோடு முடியும். பி0ஏ7ஈ என்றால் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஆற விட்டு, காற்று வழியைப் பார்க்க வேண்டும். பி0ஏ80 தான் எல்லோரையும் பயமுறுத்துவது, பேட்டரியை மாற்று என்பது அதன் பொருள். அது தனியாக வந்து, பிளாக் வோல்ட்டேஜும் சரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். 82உம் 80உம் ஜோடியாக வந்தால் முதலில் ஃபேனைச் சரிசெய்து, எண்ணை அழித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகள் பிழைத்துக்கொள்ளும், சில பிழைக்காது. ஆனால் பார்க்காமலே முழு விலை கொடுப்பது நியாயம் இல்லை.

பி0ஏ93 வந்தால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது முன்னால் இருக்கும் இன்வெர்ட்டரின் குளிரூட்டல், அதாவது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியைக் குளிர வைப்பது. அதற்குத் தனியாகக் கூலன்ட்டும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப்பும் உண்டு. வண்டி ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவின் மூடியைக் கழற்றி, "ரெடி" விளக்கு எரியும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். கூலன்ட் கலங்கி ஓடினால் பம்ப் வேலை செய்கிறது. குளத்து நீர் மாதிரி அசையாமல் இருந்தால் பம்ப் போயிருக்கலாம், இல்லை உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். கூலன்ட் குறைந்திருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். பம்ப் மலிவு, இன்வெர்ட்டர் மலிவில்லை. ஆகவே இதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் கராஜுக்கு ஃபோன் செய்யுங்கள்.

## அறிகுறி: மழை வெள்ளத்தில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது

சூட்டைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று தோன்றலாம். நம் ஊரில் வெயிலும் புயலும் ஒரே மாதங்களில் வருகின்றன. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அடுத்த வாரம் எங்களிடம் வந்தவற்றில், "கொஞ்சம் காய்ந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ஓடியது" என்று பெருமையோடு சொன்னவர்களின் வண்டிகளும் இருந்தன.

ஆக்வாவிலும் ஆக்ஸியோவிலும் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் சீட் உயரத்துக்கு வந்திருந்தால் அந்தக் காற்றுத் துவாரம் வழியாகவே உள்ளே போயிருக்கும், சேற்றோடு. வெயிலில் நிறுத்திக் காய வைத்தால் வெளியே காயும், மாட்யூல்களுக்கு நடுவில் படிந்த சேறு காயாது. இதில் நீங்கள் செய்யும் சோதனை எதுவும் இல்லை. பவர் பட்டனை அழுத்தாதீர்கள், பின் சீட்டைத் தூக்காதீர்கள். இழுத்துப் போக வருபவரிடம் இது ஹைப்ரிட் என்று முதலிலேயே சொல்லி, வண்டியை முழுதாக மேலே ஏற்றும் லாரியைக் கேளுங்கள். முன் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும்.